மடித்து வெட்டிய வீடு

வீடு கட்ட இன்ஜினீயர் என்று ஒருவர் தேவைப்படுவார் என்பது என் அப்பாவுக்குத் தெரியாமலில்லை. இன்ஜினீயர் என்றால் பாலம் கட்டுகிறவர் என்று அவர் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. பாலத்துக்குள் யாரும் குடியிருப்பதில்லை. வீடு அப்படியில்லை, உள்ளே ஆள் இருப்பார்கள். உள்ளே ஆள் இருக்கிற எதுவும் தையல்காரன் பார்க்க வேண்டிய வேலை என்பது அவர் கட்சி.

அப்பா திருமயத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, தையல் கடை வைத்திருந்தார். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அப்பா, அம்மா, நான், நடக்கப் பழகிக்கொண்டிருந்த என் தம்பி, எங்கள் சமையல், தூக்கம், சண்டை எல்லாம் அந்த அறைக்குள்தான். அடுப்புப் புகை வெளியே போவதற்கு இருந்த ஒரே வழி கடை. ஆகவே எங்களிடம் சட்டை தைத்துப் போட்டவர்கள் முதல் வெளுப்பு வரைக்கும் தாளித்த வாசத்தோடு நடமாடினார்கள். குமாஸ்தா ஒருவர் புதுச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போய் உட்கார, பந்தி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் எழுந்து ஓடிவிட்டாராம். குமாஸ்தா கடைக்கு வந்து வருத்தப்பட்டார். அம்மா பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு என்ற பேச்சு அன்று சாயங்காலம் ஆரம்பித்தது.

"எனக்கு மாளிகையெல்லாம் வேணாம். புகை போறதுக்குன்னு ஒரு வழி இருக்கிற அடுப்படி ஒண்ணு கட்டிக் குடுங்க, போதும்," என்றாள்.

ஊர் தெற்கே முடிகிற இடத்தில், அம்மாவுக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த துண்டு நிலம் ஒன்று சும்மா கிடந்தது. ஆகவே இடம் அம்மாவுடையது, வீடு அப்பாவுடையது என்று முடிவாயிற்று. அப்பாவே பிளான் போடுவதாகவும் முடிவாயிற்று. அதை முடிவு செய்தவர் அப்பா.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு நேர் மூத்த அக்கா. அவளுடைய புருஷன் கண்டிச் சீமைக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிழைக்கப் போனவர். முதலில் கடிதம் நின்றது, பிறகு அவரைப் பற்றிய பேச்சும் நின்றது. இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அத்தை கழுத்தில் தாலி இருந்தது. வல்லத்திராக்கோட்டையில் பெரியப்பா வீட்டில்தான் அவள் வாசம். பெரியப்பாவுக்கு விவசாயம் பெரிது. வீட்டு ஆளும் வேலை ஆளுமாகத் தினம் ஒரு பந்தி நடக்கும். அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டவள் அத்தை. ஆனால் நல்ல நாள் பெரிய நாளில் மட்டும் பெரியம்மா அவளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அத்தையின் தாலியைச் சுமங்கலிக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பெரியம்மாவுக்குக் கடைசி வரை தீராத சந்தேகமாக இருந்தது.

வருஷத்துக்கொரு தடவை, தீபாவளிக்கு முன்னால், ரவிக்கை தைத்துக்கொண்டு போக அத்தை எங்களிடம் வருவாள். அவளுக்கு மட்டும் அப்பா டேப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. "எங்க அக்கா அளவு எனக்குத் தெரியாதா," என்பார். ஒவ்வொரு தடவையும், இங்கேயே இருந்துவிடேன் என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் அத்தை ஒரே பதிலைச் சொல்வாள்.

"ஒரு அடுப்படியில ரெண்டு பொம்பளை நின்னா ஒருத்தி சமைக்கிறவ, இன்னொருத்தி எடுபிடி. அங்கிட்டு எடுபிடியா இருந்து பழகிருச்சு. இங்கிட்டு வந்து ஒம் பொண்டாட்டிக்கு நான் எடுபிடியா ஆகவேணாம். அவ நல்லவ தம்பி. நல்லவளாவே இருக்கட்டும்."

வீடு கட்டப் போகிறோம் என்று அந்த வருஷம் சொன்னதும் அத்தை முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே உஷாரும் ஆகிவிட்டாள்.

"எனக்குன்னு ஒரு கல்லு வச்சேன்னு தெரிஞ்சுச்சு, ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன். நான் சோறு போடலையான்னு அண்ணன் கேட்டா நீ என்ன சொல்லுவ? நான் என்ன சொல்லுவேன்?"

பஸ் வந்தது. போய்விட்டாள். அப்பா மிஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலே கொஞ்ச தூரம் தைத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளான் வேலை ஆரம்பமாயிற்று. ஜவுளிக் கடையில் துணிக்கட்டு சுற்றி வந்த காக்கித் தாள் ஒன்றை அப்பா வெட்டுப் பலகையில் விரித்தார். பிறகு எங்களை அளவெடுத்தார். பாய் விரித்தால் எவ்வளவு, படுத்தால் எவ்வளவு, தம்பி உருண்டால் எவ்வளவு என்று எடுத்தார். அம்மாவை நிற்கவைத்து இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். ஒரு கையை மேலே தூக்கச் சொல்லி, தரையிலிருந்து விரல் நுனி வரைக்கும் டேப்பு பிடித்தார்.

"எனக்கு அடுப்படி கட்டுறீங்களா, ஜம்பர் தைக்கிறீங்களா?"

"ஊறுகாய் சாடி எட்டணும்ல," என்றார் அப்பா, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு. தாளில் குத்துவதற்கு ஊசி எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊசி இல்லாமல் அவருக்கு யோசிக்க வராது.

அளவெல்லாம் முடிந்ததும் தாளை நடுவே மடித்தார். சட்டைத் துணியை மடிக்கிற அதே மடிப்பு. அதன்மேல் நீலச் சாக்குக்கட்டியால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கோடு இழுத்தார். மடிப்பை ஒட்டி அரை வாசல், அரைக் கூடம், கடைசியில் அரைக் கிணறு. அதற்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு சாமி மாடம், பின்மூலையில் அம்மாவின் அடுப்படி. வாசலையும் ஜன்னலையும் அடுப்பையும் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தார். பிறகு தாளை விரித்தார்.

விரித்த வீடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மடிப்பில் விழுந்ததெல்லாம் அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது. ஒரு வாசல், ஒரு கூடம், ஒரு கிணறு. மடிப்பில் விழாததெல்லாம் இரண்டாகிவிட்டது. அறை இரண்டு, மாடம் இரண்டு, அடுப்படி இரண்டு. சாமியே இரட்டைக் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தேசப்படத்தில் காவிரி எங்கே என்றால் எழுந்து போய் விரல் வைக்கிற அளவுக்குப் படித்தவள். ஆனால் பிழை என்று ஒன்றைக் கண்டுபிடிக்கிற பாக்கியம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. என்னுடையதை மற்றவர்கள் கண்டுபிடிப்பதுதான் வழக்கம்.

"அப்பா, ரெண்டு அடுப்படி வந்துருச்சு."

அப்பா தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "ஆமாத்தா. வந்துருச்சு."

"மடிச்சு வெட்டுனீங்கள்ல, அதான்."

"பாரேன். ஒனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே."

வேறு தாள் எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் அதையே சுருட்டி, உத்தரத்தில் செருகினார். இவ்வளவு பெரிய தாள் இனிமேல் கிடைக்காது என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏத்தா, இத யார்கிட்டயும் சொல்லிப்புடாத. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்," என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குப் பேப்பர் மறுநாள்தான் வரும். என்னிடம் சொல்லப்பட்ட ரகசியம் அன்றைக்கே வந்துவிடும். பொழுது சாய்வதற்குள் ஊருணிக் கரையில் தண்ணீர் எடுத்தவர்களுக்கும், பலசரக்குக் கடையில் சீரகம் வாங்கியவர்களுக்கும், புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, எங்கள் ஊரே இல்லாத இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

மறுநாள் டீக்கடையிலிருந்து குரல் வந்தது. "என்ன டைலரே, கால்சட்டைக்குத்தான் கால் ரெண்டு. வீட்டுக்குமா?"

"அது கெடக்கட்டும். ரெண்டாவது அடுப்புக்கு ஆளு பாத்தாச்சா?" என்றார் இன்னொருவர்.

"அடுப்பு மொதல்ல வரட்டும்ங்க," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

பள்ளிக்கூடத்தில் என்னை மடிப்பு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவமானமாக இருந்தது. ஆனால் பிழையைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்பதை யாராவது மறந்துவிட்டால் அதைவிட அவமானமாக இருந்தது, ஞாபகப்படுத்தினேன். அம்மாவோ ஊருணிக் கரையில் நின்று ஊருக்கே கேட்கும்படி திட்டினாள். "மடிச்சு வெட்டத் தெரிஞ்ச மனுசனுக்கு விரிச்சுப் பாக்கத் தெரியல. எனக்குன்னு வாச்சிருக்காரு." ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அங்கே அவ்வளவு திட்டியவள், வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ஓர் அப்பளம் கூடுதலாகப் பொரித்தாள்.

அஸ்திவாரம் தோண்டி, செம்புறாங்கல் வந்து இறங்கியது. கொத்தனார் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"டைலரண்ணே, அக்னி மூலையில ஒரு அடுப்பு சரி. கன்னி மூலையில நெருப்பு வைக்கலாமா? ஆகாதுண்ணே. அதச் சாமான் அறையா மாத்திருவோம்."

நியாயமான யோசனை. நான்கூட மனத்துக்குள் ஆமோதித்தேன். அப்பா காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகினார்.

"கன்னி மூலை யாரு எடம்?"

"பிள்ளையாரு எடம்."

"அவருக்குக் கொழுக்கட்டை யாரு அவிக்கிறது, நீயா?"

பிள்ளையாரைப் பட்டினி போட்டவன் என்ற பெயர் வேண்டாம் என்று கொத்தனாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கல்லை எடுத்து வைத்தார்.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது பெரியப்பா வந்தார். வில்வண்டியில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். அதுவே ஏதோ அவசரம் என்று காட்டியது. குடையை மடக்காமல் சுவருக்குள் நடந்து, ஒரு மூலைக்குப் போனார், எதிர் மூலைக்குப் போனார். திரும்பி வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"ரெண்டாவது அடுப்படி யாருக்குடா?"

அப்பா வாயைத் திறந்தார். பெரியப்பா முன்னால் அப்பாவுக்குப் பொய்யும் வராது, மெய்யும் வராது.

"எந் தங்கச்சிக்குச் சோறு போட எனக்கு வக்கில்லைன்னு ஊருக்குக் காட்டப் போறியா?"

கல் சுமந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அம்மா தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். என் அப்பாவைப் பற்றி இப்படி ஓர் அபாண்டமா என்று எனக்கு வந்த கோபத்தில், பையிலிருந்த கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன்.

"இல்ல பெரியப்பா. அது தப்பா வந்தது. நாந்தான் கண்டுபிடிச்சேன்."

தாளை மடித்தேன். அரை வாசல், அரைக் கூடம், ஓர் அடுப்படி என்று பென்சிலால் போட்டேன். கத்தரிக்கோலுக்காகக் கையை நீட்ட, அப்பா தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெட்டி விரித்துக் காட்டினேன். "இந்தா பாருங்க, மடிப்புல விழுந்தது ஒண்ணு, விழாதது ரெண்டு. அப்பாவுக்கு இது தெரியல. சட்டைன்னு நெனச்சுட்டாங்க."

பெரியப்பா தாளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அதில் அன்றைக்கு ஒரு துளி சந்தேகம்கூட இருந்திருக்காது. அவருடைய மீசை முதலில் ஆடியது, பிறகு குடை ஆடியது. சிரித்துச் சிரித்து, முடியாமல், கட்டி முடியாத சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சட்டைன்னு நெனச்சுட்டானா! முட்டாப் பய." என் தலையில் கை வைத்தார். "இவ மட்டும் இல்லன்னா கூரையிலயும் பொத்தான் வச்சுருப்பான்."

ஊருக்குத் திரும்பிய பெரியப்பா இதை எத்தனை பேரிடம் சொன்னார் என்று தெரியாது. சொல்லாமல் விட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

ஓடு வேய்ந்து, பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று. அழைக்கப் போக அப்பா கிளம்பவில்லை. அம்மா கிளம்பினாள், என்னையும் கூட்டிக்கொண்டு. வல்லத்திராக்கோட்டைப் பெரிய அடுப்படியில் அத்தை முக்காலி போட்டு ஏறி, பலகையிலிருந்து உப்புச் சாடியை இறக்கிக்கொண்டிருந்தாள். அத்தை குள்ளம், அந்த வீட்டுப் பலகை உயரம்.

"மதினி, நீங்க வந்தே ஆகணும்," என்றாள் அம்மா. கூடத்தில் இருந்த பெரியப்பாவுக்கும் கேட்கிற குரல். "ஒங்க தம்பி செஞ்சு வச்சிருக்கிற கூத்துல அடுப்பு ரெண்டு. ஒண்ணுல பால் பொங்கி ஒண்ணு சும்மா கெடந்தா வீட்டுக்கு ஆகாதுங்கிறாங்க. ரெண்டுலயும் ஒரே நேரத்துல பொங்கணுமாம். எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

"அவளையா?" என்றாள் பெரியம்மா. "நல்ல காரியத்துக்கா?"

"வேற யாரக்கா வருவா? கூப்பிட்ட எடத்துல எல்லாம் சிரிச்சுட்டுப் போறாங்க. இவங்கதான் கூடப் பொறந்தவங்க, சிரிக்காம வரணும். கழுத்துல தாலி இருக்கு, கையில வளையல் இருக்கு. அதுக்கு மேல பாலுக்கு என்ன தெரியும்?"

கூடத்திலிருந்து பெரியப்பா கனைத்தார். "போயிட்டு வரட்டும். அந்தக் கூத்த அவளும் பாக்கட்டும்."

அத்தை முக்காலியிலிருந்து இறங்கினாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பால் காய்ச்சிய அன்று இரண்டு அடுப்புக்கும் நடுவராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். எது முதலில் பொங்குகிறது என்று பார்க்கவேண்டும். அம்மாவின் அடுப்படியில் நான் நின்றபோது அத்தையின் அடுப்படியில் குலவை கேட்டது. கூடத்தைத் தாண்டி அங்கே ஓடினேன். பால் வழிந்து அடங்கியிருந்தது. திரும்பி ஓடி வந்தால் அம்மாவுடையதும் பொங்கி முடிந்திருந்தது. ஊரே பார்த்த இரண்டு பாலையும் பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

கூட்டம் சாப்பிட்டுப் போன பிறகு அத்தை பால் பானையைக் கழுவித் துடைத்தாள். வழக்கம்போல முக்காலியைத் தேடினாள். பிறகு சும்மா கையைத் தூக்கினாள். குதிகால் எழும்பவில்லை. பானை பலகையில் உட்கார்ந்தது.

தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. பலகை விளிம்பில் வைத்தபடி நின்றாள். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. ஓடிப்போய் அம்மாவின் பலகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன்.

"அத்தை, அம்மா பலகையை விட இது ஒரு சாண் கீழ இருக்கு. கொத்தனார் தப்பாப் போட்டுட்டாரு."

"ஆமாத்தா," என்றாள் அத்தை. "தப்பாத்தான் போட்டிருக்காங்க."

அவள் பார்வை கூடத்தைத் தாண்டி எதிர் அடுப்படிக்குப் போயிற்று. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை கூடத்துக்கு வந்து, "கடைசி பஸ் எப்ப தம்பி?" என்று கேட்டாள்.

"போயிருச்சுக்கா," என்றார் அப்பா.

முற்றத்தில் வெயில் அப்படியே இருந்தது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பிறந்து வளர்ந்தவள் நான். அதற்கு மேல் இன்னும் எத்தனை பஸ் இருக்கிறது என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அம்மா ஒரு முழுப் பணியாரத்தை வைத்தாள்.

அடுப்பை ஆறவிடக் கூடாதாம், நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அத்தை பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த நாலு நாள் முடியவே இல்லை. கன்னி மூலை அடுப்பிலிருந்து விடியற்காலையில் இட்லி வெந்து பஸ் நிற்கும் இடத்துக்கு விற்பனைக்குப் போக ஆரம்பித்தது. அத்தை அவள் அடுப்பில், அம்மா அவள் அடுப்பில். குழம்பு மட்டும் கூடத்தின் குறுக்கே கிண்ணத்தில் போய் வந்துகொண்டிருக்கும். என்றைக்காவது ஒரு நல்ல நாள் என்றால் பெரியம்மாவே ஆள் அனுப்பி அத்தையிடம் இட்லிக்குச் சொல்வாள். இட்லிக்குத் தாலிக் கணக்கு கிடையாது போலிருக்கிறது.

இந்தக் கதையை நான் வெகு காலம் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லி வந்தேன். கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், எங்கள் வீட்டுக்குப் பிளான் கொண்டு வந்த இன்ஜினீயரிடம்கூடச் சொன்னேன். அப்பா செய்த பிழை, ஐந்தாம் வகுப்பு படிக்கிற நான் கண்டுபிடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா நம்பினார் என்றால் நான் நம்பியதால்தான் நம்பினார் என்பதும், யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் ஒருவர் சொன்னால் அவர் என்ன எதிர்பார்த்துச் சொல்கிறார் என்பதும், எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு ஒருநாள், கொடியில் காய்ந்த சட்டை ஒன்றை எடுத்து நடுவே மடித்தேன். ஒரு பக்கம் பை இருந்தது. மறுபக்கம் இல்லை. மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். அப்பா சட்டைத் துணியையும் மடித்துத்தான் வெட்டுவார். திருமயத்துக்கே தைத்தவர். பை தப்பாக இரண்டு பக்கமும் வந்துவிட்டது என்று ஒரு மனிதர்கூட எங்கள் கடைக்கு வந்து சண்டை போட்டதில்லை.